நாலாவது யெஸ்

“உண்மையைச் சொன்னதற்கு நன்றி” என்றார் மேனேஜர், இங்கிலீஷில். நானும் “தேங்க்யூ” என்று சொல்லி எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

“விசாரணை விசாரணைன்னு வயித்துல புளியக் கரைச்சீங்களே! கேட்ட கேள்விக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொன்னேன். மேனேஜரே நன்றி சொல்லி அனுப்பிச்சாரு.”

“நான்தான் சொன்னேன்ல, எல்லாத்துக்கும் யெஸ்ஸுன்னு சொல்லிட்டா ஒரு வம்பும் இல்லன்னு” என்றார் அவர். ரொட்டித் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருஷமாக ரொட்டி அடுக்குகிற மனுஷன். புரிந்தாலும் யெஸ், புரியாவிட்டாலும் யெஸ். அவருடைய மொத்த இங்கிலீஷும் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும்.

நாலு நாள் கழித்துக் கடிதம் வந்தது. நாற்பது கம்பளிப் போர்வைகளைப் பாழாக்கியதை நான் விசாரணையில் ஒப்புக்கொண்டுவிட்டேனாம். இது கடைசி எச்சரிக்கையாம். பத்து நாளுக்குள் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தர வேண்டுமாம். அதன் பிறகு இயந்திரப் பிரிவில் எனக்கு இடமில்லை, கீழ்த்தளத்தில் அழுக்குத் துணி பிரிக்கப் போக வேண்டும். அங்கேயும் ஒரு சின்னப் புகார் வந்தால் வேலையே போய்விடும். பதினோரு வருஷத்தில் ஒரு தலையணை உறையைக்கூடத் தொலைக்காதவள் நான். கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இங்கிலீஷ் படிக்க எனக்குத் தெரியும். எழுத்து பாவம், வைத்த இடத்திலேயே நிற்கும். பேச்சுதான் பிடிபடாமல் ஓடும்.

நடந்தது இதுதான். எங்களுடையது ஹோட்டல்களுக்குத் துணி துவைத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடம். ஆறு இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு ஆள் நின்று குளிக்கலாம். துணியை எடைபோட்டு உள்ளே தள்ளி, கதவைச் சாத்தி, பச்சைப் பொத்தானை அழுத்துவதோடு என் வேலை முடிந்தது. சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் சூப்பர்வைசர் பொறுப்பு. துண்டுக்கு அறுபது டிகிரி, கம்பளிக்கு முப்பது. அன்று காலை மூன்றாம் நம்பரில் துண்டு ஓடி முடிந்திருந்தது. நான் நாற்பது போர்வைகளையும் ஏற்றிவிட்டு, கூடத்தின் அந்தக் கோடியில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்துக் கத்தினேன்.

“தம்பி, கம்பளிக்கு மாத்தியாச்சா?”

கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். “நோ ப்ராப்ளம்க்கா!”

அவனுக்கு நாங்கள் வைத்த பேரே ‘நோ ப்ராப்ளம்’தான். கூரை ஒழுகினாலும் அதையே சொல்வான். நான் பொத்தானை அழுத்தினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், போர்வைகள் சுருங்கித் தடித்து அட்டைபோல் ஆகிக் கிடந்தன. ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தேன். தலைக்கு இழுத்தால் காலுக்கு இல்லை, காலுக்கு இழுத்தால் தலைக்கு இல்லை என்பார்கள். இதில் வயிறு மூடினாலே பெரிய காரியம்.

விசாரணையில் நோ ப்ராப்ளம்தான் சாட்சி. “நான் முப்பதில்தான் வைத்தேன்” என்று சொல்லிவிட்டான். அவன் முப்பதில் வைத்திருந்து, இயந்திரம் அறுபதில் ஓடியிருந்தால், நடுவில் யாரோ திருகியிருக்க வேண்டும். பக்கத்தில் நின்றவள் நான் ஒருத்திதான். ஆனால் நான் எப்போது ஒப்புக்கொண்டேன்? அதுதான் எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் துணி மாற்றும் அறையில் அவனே வந்து நின்றான். அவனும் நம் பாஷைக்காரன்தான். அவன் அம்மாவும் என் அம்மாவும் எங்களை ஒரே வார்த்தைகளில்தான் திட்டி வளர்த்திருப்பார்கள்.

“அக்கா, கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க. வெறும் பேப்பர்தானே. ஆறு மாசத்துல எல்லாரும் மறந்துருவாங்க.”

“நான் எப்ப தம்பி ஒத்துக்கிட்டேன்?”

“நீங்கதானேக்கா யெஸ்ஸுன்னு சொன்னீங்க.”

“எதுக்கு யெஸ் சொன்னேன்?”

அவன் கண் என் முகத்தை விட்டுக் கதவுக்குப் போனது. “அதையெல்லாம் இப்பப் போய் எதுக்குக் கிளறிக்கிட்டு. மேல்முறையீடுன்னு போனா பெரியவங்க முன்னாடி இங்கிலீஷ்ல பேசணும். உங்களால முடியுமா சொல்லுங்க. வேணும்னா நானே வந்து மொழிபெயர்த்துத் தர்றேன்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்கு ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று அப்போது தெரியவில்லை.

எதற்கெடுத்தாலும் இவன் மொழிபெயர்ப்பை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது என்றுதான் இரண்டு மாதமாகப் போனில் இங்கிலீஷ் கேட்டுப் பழகிக்கொண்டிருந்தேன். அன்றாட உரையாடல்கள், மொத்தம் நாற்பது பாடம். எல்லாவற்றிலும் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பேசுவார்கள். அவளுக்கு நான் வைத்த பேர் கீச்சுக்குரல். அவன் பாதி வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வான், அதனால் மென்னுமுழுங்கி. ரயில் எத்தனை மணிக்கு, செருப்பு என்ன அளவு, குடையை எங்கே வைத்தாய் என்று பேசிக்கொண்டே இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு இயந்திரம்கூட ஓடாது. ஒருத்தருக்காவது சளி பிடித்திருக்காது. எங்கள் சலவைக்கூடத்தில் அரை நாள் நின்று பேசச் சொன்னால் தெரியும் சேதி. உரையாடல் இரண்டு முறை ஒலிக்கும், பிறகு ஒரு கேள்வி வரும். தப்பாகத் தொட்டால் போன் ‘ட்டொய்ங்’ என்று திட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பதினேழாம் பாடம், காப்பிக் கடை. அடுப்படியில் வீட்டுக்காரர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் அரிசி களைந்துகொண்டே கேட்டேன்.

கீச்சுக்குரல் கேட்கிறாள்: “உங்களுக்குப் பால் வேண்டாம்தானே?” இங்கிலீஷில் கேட்டதைத்தான் நம் பாஷையில் சொல்கிறேன். மென்னுமுழுங்கி சொல்கிறான்: “நோ.”

கேள்வி: அவருக்குப் பால் வேண்டுமா, வேண்டாமா?

வேண்டும் என்று தொட்டேன். ட்டொய்ங். இன்னொரு தடவை கேட்டு, மறுபடியும் வேண்டும் என்று தொட்டேன். ட்டொய்ங்.

“என்னங்க அநியாயமா இருக்கு! ‘வேண்டாம்தானே’ன்னு கேக்குறா. ‘இல்ல’ங்கிறான். வேண்டாம்ங்கிறது இல்லன்னா வேணும்னுதானே அர்த்தம்?”

“போன் தப்புச் சொல்லுமா? வேண்டாம்னு தொட்டுப் பாரு.”

தொட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நம்ம ஆளா இருந்தா என்ன சொல்லியிருப்பான்? ‘ஆமா, வேண்டாம்’னு சொல்லியிருப்பான். கேட்டவளுக்கு ஒரு ஆமா போட்டிருப்பான். இவன் என்னடான்னா அவளை விட்டுட்டுப் பாலுக்கு நோ சொல்றான்!”

கத்தி நின்றது. வெங்காயக் கண்ணீரோடு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அடிப்பாவி. போன வருஷம் எங்க ஃபோர்மேன் ‘நீ இன்னும் சாப்பிடலதானே’ன்னு கேட்டான். நான் யெஸ்ஸுன்னேன். சரின்னு தலையாட்டிட்டு என் பங்குச் சாப்பாட்டை இன்னொருத்தனுக்குத் தூக்கிக் குடுத்துட்டான். அன்னைக்குப் பூரா பட்டினி. ஏன் அப்படிப் பண்ணான்னு இன்னைக்குத்தான் புரியுது.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தபோதுதான் மேனேஜரின் குரல் காதுக்குள் வந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர் கேட்ட கேள்வி. “நீங்கள் சூட்டை மாற்றவில்லைதானே?”

“யெஸ்” என்றேன் நான். ஆமாம், மாற்றவில்லை.

அவர் காதில் விழுந்தது: யெஸ், மாற்றினேன்.

அதற்குத்தான் அந்த நன்றி. அதற்கு நான் தேங்க்யூ வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மேனேஜர்மேல்கூட இல்லை. அவருக்கு நம் ஆமாம் தெரியாது. ஆனால் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருத்தன் உட்கார்ந்திருந்தானே! நான் சொன்ன யெஸ் எந்த யெஸ் என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். வாயைத் திறக்கவில்லை. மேசையில் இருந்த பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

“விட்டுடும்மா” என்றார் வீட்டுக்காரர். “பெரிய இடத்தோட மோதி என்னத்தக் கண்டோம். கொஞ்சம் ஒத்துப் போயிட்டா என்ன?”

“பதினோரு வருஷம் ஒத்துத்தாங்க போனேன். அதைத்தான் இப்ப எழுத்துல குடுத்திருக்காங்க, ஒத்துக்கிட்டாள்னு.”

அவர் அரிசியைக் களைந்து தானே உலையில் போட்டார்.

கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. விசாரணை ஒலிப்பதிவு செய்யப்பட்டது, தொழிலாளி கேட்டால் பிரதி தரப்படும். அலுவலகத்தில் போய்க் கேட்டேன். அங்கிருந்த பெண் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றாள். “நான் கேக்குறேனே” என்றேன். அந்த நேரத்துக்கு இங்கிலீஷ் தானாக வந்தது. இரண்டு நாளில் ஒலிப்பதிவும் வந்தது, அதைக் கேட்டு எழுதிய நடவடிக்கைக் குறிப்பும் வந்தது.

பத்தொன்பது நிமிஷம். அதை நாற்பத்தொன்றாம் பாடம் என்று வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் கேட்டேன், பாத்திரம் கழுவும்போது கேட்டேன், நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி கேட்டேன். என் குரலை நானே கேட்பது சகிக்கவில்லை. வாத்தியார் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி குழைந்து குழைந்து பேசியிருக்கிறேன். பரவாயில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ ஒன்று தட்டுப்பட்டது. மேனேஜருக்கு ‘இல்லைதானே, இல்லைதானே’ என்று கேட்கிற பழக்கம். அப்படி நாலு கேள்வி கேட்டிருந்தார். நாலுக்கும் நான் யெஸ் சொல்லியிருந்தேன். குறிப்பை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு, மேல்முறையீட்டுத் தாளை நிரப்பினேன்.

மேல்முறையீடு மாடியில், நீள மேசை போட்ட அறையில் நடந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த நரைத்த தலை அம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் குறிப்பெடுக்க ஒரு பெண். எதிர் வரிசையில் மேனேஜரும் நோ ப்ராப்ளமும். “அக்கா, நான் மொழிபெயர்க்கட்டுமா?” என்று அவன் மெதுவாகக் கேட்டான். நான் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த அம்மாள் தாளைப் புரட்டிவிட்டு முதல் கேள்வியைக் கேட்டார். “உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்தானே?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மேடம், தயவுசெய்து என்னிடம் அப்படிக் கேட்காதீர்கள். வேண்டுமா என்று கேளுங்கள்.” என் இங்கிலீஷில் காலும் கையும் இடம் மாறித்தான் கிடந்தன. இங்கே நேராக்கித் தருகிறேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “சரி. வேண்டுமா?”

“நோ” என்றேன். குறிப்பெடுக்கும் பெண்ணைப் பார்த்து, “எழுதிக்கொள்ளுங்கள்” என்றேன்.

பிறகு போனை மேசை நடுவில் வைத்தேன். கீச்சுக்குரல் பாடத்தில் வரும் அறிவிப்பு எனக்கு மனப்பாடம். அதையே சொன்னேன். “கவனமாகக் கேளுங்கள். உரையாடல் இரண்டு முறை ஒலிக்கும். பிறகு கேள்விக்கு விடை சொல்லுங்கள்.” மேனேஜரின் காது சிவந்தது. சிவக்கட்டும் என்று பொத்தானை அழுத்தினேன்.

“உங்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்தானே?” மேனேஜர் குரல். “யெஸ்.” என் குரல். இரண்டு முறை.

“இந்தப் பெண் மொழிபெயர்ப்பாளர் கேட்டாரா?”

அம்மாள் குறிப்பைப் பார்த்தார். “கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறது.”

“சரியான விடை” என்றேன்.

அடுத்தது, இதற்கு முன் எச்சரிக்கை எதுவும் வாங்கவில்லைதானே? யெஸ். குறிப்பில்: எச்சரிக்கை இல்லை. சரியான விடை. அதற்கடுத்தது, அன்று வேலைக்குத் தாமதமாக வரவில்லைதானே? யெஸ். குறிப்பில்: நேரத்துக்கு வந்தார். சரியான விடை. அம்மாளின் பேனா மேசையில் படுத்துவிட்டது. குறிப்பெடுக்கும் பெண் முன்னால் சாய்ந்து கேட்டாள்.

நாலாவதைப் போட்டேன். “நீங்கள் சூட்டை மாற்றவில்லைதானே?” “யெஸ்.” இரண்டு முறை.

“இந்தப் பெண் சூட்டை மாற்றினாரா?”

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “யெஸ் என்றால் யெஸ்தான். அவர்தான் சொன்னார்.”

“அப்படியே வைத்துக்கொள்வோம் சார். யெஸ் என்றால் யெஸ்தான் என்றால், முதல் கேள்வியில் நான் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் தரவில்லை. அப்போது அந்த விசாரணையே செல்லாது. இல்லை, என் யெஸ்ஸுக்கு ‘நீங்கள் சொல்வது சரி’ என்று அர்த்தம் என்றால், நான் சூட்டை மாற்றவில்லை. உங்கள் யெஸ் வேண்டுமா, என் யெஸ் வேண்டுமா, எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டும் சம்மதம். ஆனால் மூன்றுக்கு ஒன்று, நாலாவதுக்கு இன்னொன்று என்றால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். இன்றைக்கும் போட மாட்டேன், பத்து நாள் கழித்தும் போட மாட்டேன்.”

மூச்சு வாங்கியது. துணி எடை எழுதும் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, ஒரு வாரம் கண்ணாடி முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகியது அது. வீட்டுக்காரர் மேனேஜராக நடித்தார். கடைசிவரை அவருக்கு யெஸ்ஸைத் தவிர வேறு வசனம் வரவில்லை.

அந்த அம்மாள் எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்து, குறுக்கே ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். “இது செல்லாது” என்றார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவரோ நோ ப்ராப்ளம் பக்கம் திரும்பினார். “அப்படியானால் சூடு எப்படி மாறியது? நீங்கள் அதை அறுபதிலேயே விட்டுவிடவில்லைதானே?”

“யெஸ்” என்றான் அவன்.

பதற்றத்தில் அம்மா பாஷை முந்திக்கொண்டது. சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. “நோ, நோ, யெஸ், ஐ மீன்” என்று உளறினான், முகமெல்லாம் வேர்த்துவிட்டது. குறிப்பெடுக்கும் பெண்ணின் விரல்கள் விசைப்பலகைக்கு மேல் அப்படியே நின்றன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சும்மா இருந்தால் போதும். அவன் எனக்குச் செய்தது அவ்வளவுதான், சும்மா இருந்தான். ஒரு பேனா மூடி இருந்தால் நானும் திறந்து திறந்து மூடலாம். யெஸ், விட்டுவிட்டேன் என்று எழுதிவிடுவார்கள். அது உண்மையாகவும் இருக்கும். என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அதைவிடக் குளிர்ச்சி ஏது? ஆனால் இத்தனை நாளாக நான் எதற்கு மல்லுக்கட்டினேன்? சொன்ன வார்த்தையைச் சொன்னபடி எழுது என்றுதானே?

“மேடம்,” என்றேன், “அது எங்கள் பாஷை யெஸ். அறுபதில் விடவில்லை என்று சொல்கிறார். அது நிஜமா பொய்யா என்று நீங்கள் விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள்.”

குறிப்பெடுக்கும் பெண் எழுதினாள். நான் அவன் பக்கம் திரும்பினேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தேன்.

“நீ சொன்னதைச் சரியா சொல்லிட்டேன் தம்பி. எனக்கு நீ செய்யாததை உனக்கு நான் செஞ்சுட்டேன். இப்ப நீ சொல்லு. அன்னைக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுனியே, மாத்திட்டுத்தான் காட்டுனியா?”

அவன் மேசையைப் பார்த்தான். மேனேஜரைப் பார்த்தான். பிறகு நம் பாஷையில், எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான். “இல்லக்கா. மறந்துட்டேன். பயந்துட்டேன்.”

“என்ன சொன்னார்?” என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

“அதை அவரே சொல்லுவார், மேடம். அவருக்கு இங்கிலீஷ் நன்றாக வரும்.”

சொல்லிவிட்டு, நாற்காலியைச் சத்தம் வர இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் சொல்வதைக் கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டேன்.